ஜோவ் ஷுன்

ஜோவ் ஷுன் (பிறப்பு: 18 அக்டோபர் 1974) சீனத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகை; பாடகி. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகழ்பெற்ற ஜாங் ஸீயி, ஜாவ் வெய், ஷு ஜிங்லெய் ஆகியோருடன் இவரையும் சேர்த்து ‘நான்கு நாயகியர்’ என்று சீன இதழ்கள் எழுதின. ஹாங்காங் திரைப்பட விருது, தைவானின் தங்கக் குதிரை விருது, சீனத்தின் தங்கச் சேவல் விருது ஆகிய மூன்றிலும் சிறந்த நடிகையாகத் தேர்வான மிகச் சிலருள் இவரும் ஒருவர். மெல்லிய உடல், பெரிய கண்கள், அவற்றோடு சற்றும் பொருந்தாத கரகரத்த தாழ்ந்த குரல். தொலைக்காட்சி இக்குரலை நெடுங்காலம் ஒரு குறையாகவே கருதியது. திரைப்படமோ தொடக்கம் முதலே அதைத் தன் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது.

இளமை

கிழக்குச் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள ச்யூஜோவ் நகரில் பிறந்தார். தந்தை திரையரங்கில் படம் ஓட்டுபவர். அதனால் சிறுவயது முதலே ஷுன் திரைப்படங்களுக்கு நடுவில் வளர்ந்தார். பின்னர் ஜெஜியாங் கலைப்பள்ளியில் சேர்ந்தார். நாட்காட்டி ஒன்றில் வந்த அவருடைய படம் மூத்த இயக்குநர் ஷியே தியெலியின் கண்ணில் பட, 1991இல் ‘பழங்கல்லறையும் பாழ்மனையும்’ படத்தில் அறிமுகமானார். பூ சோங்லிங் என்ற 17ஆம் நூற்றாண்டுக் கதாசிரியரின் பேய்க் கதைகளை ஒட்டிய படம் அது. நரிகள் பெண்ணுருக் கொண்டு மனிதரோடு வாழும் அக்கதைகளுக்கு இவர் பிற்பாடு மீண்டும் திரும்பினார்.

1990களின் நடுவில் பெய்ஜிங் சென்றார். இயக்குநர் சென் கைகெ தம் ‘காற்றும் நிலவும்’ (1996) படத்தில் சிறு வேடம் கொடுத்தார். அடுத்து ‘பேரரசரும் கொலையாளியும்’ (1998) படத்தில் பார்வையற்ற சிறுமியாக நடிக்க வைத்தார். வாள் செய்யும் குடும்பம் முழுவதையும் கொன்றுவிட்ட கொலையாளியின் முன், எஞ்சி நிற்கும் மகள் அவள். சில நிமிடங்களே வருகிறாள். ஆனால் கொலைத்தொழிலை அந்த மனிதன் கைவிடுவதற்கு அவளுடைய சாவே காரணமாகிறது. அதைப் பார்வையாளர் நம்பினால்தான் மீதிப் படம் நிற்கும். பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட அந்த வரலாற்றுப் படத்தை அச்சிறு காட்சி தாங்கிப் பிடிக்கிறது.

சுஜோவ் ஆறு

லோவ் யே இயக்கிய ‘சுஜோவ் ஆறு’ (2000) இவரை உலகத் திரைவிழாக்களுக்குக் கொண்டு சென்றது. ஷாங்காய் நகரின் ஊடே, இடிந்த கிடங்குகளையும் படகுகளையும் கடந்து ஓடும் கறுத்த ஆறுதான் கதைக்களம். இதில் ஜோவ் ஷுனுக்கு இரட்டை வேடம். ஒருத்தி மூதான். மோட்டார் சைக்கிளில் பொருள் கொண்டுசெல்லும் இளைஞன் மீது காதல் கொண்டு, அவனாலேயே ஏமாற்றப்பட்டு ஆற்றில் குதிக்கிறாள். மற்றவள் மெய்மெய், மதுக்கடையொன்றின் கண்ணாடித் தொட்டிக்குள் கடற்கன்னி வேடமிட்டு நீந்துபவள். இருவரும் ஒருத்திதானா என்ற கேள்வியைப் படம் கடைசிவரை விடுவதில்லை. ஒப்பனையையும் ஆடையையும் மட்டும் நம்பியிருந்தால் இந்தக் குழப்பம் ஒரு தந்திரமாகவே நின்றிருக்கும். ஜோவ் ஷுன் மூதானுக்கு ஒரு பிள்ளைத்தனமான பிடிவாதத்தையும் மெய்மெய்க்கு நம்பிச் சலித்த அலட்சியத்தையும் தருகிறார். இரண்டுக்கும் அடியில் ஒரே குரல் ஒலிக்கிறது. ஐயம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ராட்டர்டாம் விழாவில் படம் பரிசு பெற்றது. பாரிஸ் விழாவில் ஜோவ் ஷுன் சிறந்த நடிகையானார். தணிக்கை ஒப்புதலின்றி வெளிநாட்டில் திரையிட்டதற்காகச் சீன அரசு லோவ் யேவுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. அதனால் இவருடைய முதல் பெரிய நடிப்பைச் சொந்த நாட்டு அரங்குகளில் மக்கள் பார்க்க முடியவில்லை.

அதே காலத்தில் வாங் ஷியாவ்ஷுவாயின் ‘பெய்ஜிங் சைக்கிள்’ (2001) படத்தில் பேச்சே இல்லாத ஒரு வேடம் ஏற்றார். அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் விதவிதமாக உடை மாற்றிக்கொண்டு தோன்றும் பெண்ணை, கிராமத்திலிருந்து வந்த பையன்கள் பணக்காரி என்று நினைத்து ஏங்குகிறார்கள். அவள் அவ்வீட்டு வேலைக்காரி என்பது பிறகு தெரியவருகிறது. புருட் சான் இயக்கிய ‘ஹாலிவுட் ஹாங்காங்’ (2001) படத்தில், இடிக்கப்படவிருக்கும் குடிசைப் பகுதிக்குள் நுழைந்து அங்குள்ள ஆண்களை ஆட்டிவைக்கும் பெண்ணாக வந்தார். தாய் சீஜியே தம் நாவலைத் தாமே படமாக்கிய ‘பால்சாக்கும் சீனத் தையற்காரச் சிறுமியும்’ (2002) படத்தில், பண்பாட்டுப் புரட்சிக் காலத்து மலைக்கிராமத்துப் பெண். தடைசெய்யப்பட்ட நாவல்களை வாசிக்கக் கேட்டு ஊரைவிட்டே கிளம்பிப் போகிறாள்.

சின்னத்திரையின் இளவரசி

வெளிநாட்டு ரசிகர் அறிந்த ஜோவ் ஷுன் வேறு. 2000இல் சீன வீடுகள் அறிந்த ஜோவ் ஷுன் வேறு. அவ்வாண்டு ஒளிபரப்பான ‘தாமிங் அரண்மனைப் பாடல்’ தொடரில், பேரரசி வூ ஸெதியெனின் மகள் தைபிங் இளவரசியின் இளம்பருவத்தை இவர் ஏற்றார். இயக்கியவர் பெண் இயக்குநரான லி ஷாவ்ஹொங். விளக்குத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகும் இளவரசி, ஒரே மாதிரி முகமூடி அணிந்த ஆண்களின் முகமூடிகளை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்கிறாள். கடைசி முகமூடிக்குப் பின்னால் அவள் காதலிக்கப்போகும் ஷுவே ஷாவின் முகம். சீனத் தொலைக்காட்சியின் மறக்கவியலாத காட்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. அந்த முகத்துக்குரியவர் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ். தமிழ் ரசிகர்கள் அவரைக் ‘கபாலி’ (2016) படத்தின் வில்லன் டோனி லீயாக அறிவார்கள்.

அதே ஆண்டில் வந்த ‘மண்ணுலகின் ஏப்ரல்’ தொடரில் கட்டடக்கலைஞரும் கவிஞருமான லின் ஹுய்யினாக நடித்தார். லி ஷாவ்ஹொங்கோடு தொடர்ந்து பணியாற்றி, ‘ஆரஞ்சு சிவந்தது’ (2002) தொடரில் வாரிசுக்காக வாங்கப்படும் கிராமத்துப் பெண்ணாகவும், ‘களவுபோன வாழ்வு’ (2005) படத்தில் பெற்றோரால் கைவிடப்பட்டுக் காதலனாலும் சுரண்டப்படும் மாணவியாகவும் வந்தார். பின்னது நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் சிறந்த கதைப்படமானது.

ஜின் யோங்கின் புகழ்பெற்ற வாள்வீரக் கதையை ஒட்டிய ‘கழுகு வீரர்கள்’ தொடர் (2003) இவருக்குக் கடுமையான விமர்சனத்தைத் தேடித் தந்தது. சீனத் தொடர்களில் முகம் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் இருப்பது வழக்கம். துடுக்கும் அறிவும் நிறைந்த நாயகி ஹுவாங் ரோங்குக்குத் தேனொழுகும் குரல் வேண்டும் என்பது வாசகர் மனத்தில் ஊறிய எதிர்பார்ப்பு. ஜோவ் ஷுன் தம் சொந்தக் குரலில் பேசினார். பலருக்கு அது காதில் உறுத்தியது. இன்று அத்தொடரைப் பார்ப்பவருக்கு ஏமாற்றம் தருவது வேறு: அந்தக் குரலில் இருந்த சூட்டிகையை அன்று பலர் கேட்கவே இல்லை.

மூன்று விருதுகள்

பீட்டர் சான் இயக்கிய ‘ஒருவேளை காதல்’ (2005) ஓர் இசைப்படம். வெனிஸ் விழாவின் நிறைவுப் படமாகத் திரையிடப்பட்டது. அதன் நடன அமைப்பில் இந்தியாவின் ஃபரா கான் பணியாற்றினார். ஜாக்கி சியங், தாகேஷி கனேஷிரோ இருவருக்கும் இடையே, பழைய காதலை மறந்துவிட்டதாக உலகை நம்பவைக்கும் நட்சத்திரம் சுன் நா இவருடைய வேடம். 2006இல் இதற்காக ஹாங்காங் விருதும் தங்கக் குதிரை விருதும் பெற்றார். ஃபெங் ஷியாவ்காங், ‘ஹேம்லட்’ நாடகத்தைச் சீன அரண்மனைக்குக் கொண்டுவந்த ‘இரவு விருந்து’ (2006) படம் துணை நடிகைக்கான ஹாங்காங் விருதைப் பெற்றுத் தந்தது.

இருந்தும், இவர் கலையின் உச்சம் சாவ் பாவ்பிங் இயக்கிய ‘லி மியின் ஊகம்’ (2008). குன்மிங் நகரில் டாக்சி ஓட்டும் லி மி, நான்காண்டுகளுக்குமுன் காணாமல்போன காதலனைத் தேடுகிறாள். ஏறும் பயணிகளிடமெல்லாம் அவனைப் பற்றிக் கேட்கிறாள். அவனிடமிருந்து கடிதங்கள் மட்டும் வருகின்றன. ஒருநாள் அவனையே ஒத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். அவளைத் தெரியாது என்கிறான். நடுத்தெருவில் அவனைத் துரத்திக்கொண்டு, அவன் எழுதியவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். மூச்சு வாங்குகிறது, சொற்கள் உடைகின்றன, குரல் கிழிகிறது. அழகாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறை துளியும் இல்லாமல் நடிக்கப்பட்ட காட்சி அது. 2009இல் தங்கச் சேவல் விருது இப்படத்துக்காகக் கிடைத்தது.

பொதுமக்கள் கூட்டத்தை அரங்குக்கு இழுத்தவை வேறு படங்கள். பூ சோங்லிங்கின் கதையை விரித்த ‘தீட்டிய தோல்’ (2008), அதன் இரண்டாம் பாகம் (2012) இரண்டிலும் மனித இதயங்களைத் தின்னும் நரி மோகினி ஷியாவ்வெய் இவர்தான். இரண்டாம் பாகம் 70 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால உளவுப்படமான ‘காற்றின் ஒலி’ (2009), ட்சுய் ஹார்க்கின் முப்பரிமாணப் படமான ‘டிராகன் வாயிலின் பறக்கும் வாள்கள்’ (2011) ஆகியவையும் இக்காலத்தவை. இயக்குநர்களான வச்சோவ்ஸ்கிகளும் டாம் டிக்வரும் இணைந்து எடுத்த ‘கிளவுட் அட்லஸ்’ (2012) படத்தில், வருங்காலச் சியோல் நகர உணவகத்தில் அடிமை வேலை செய்யும் செயற்கைப் பெண் உட்படப் பல வேடங்களில் தோன்றினார்.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் சீன நல்லெண்ணத் தூதராக 2008இல் நியமிக்கப்பட்டு, அன்றாட வாழ்வில் கரி உமிழ்வைக் குறைக்கும் பரப்புரையில் ஈடுபட்டார். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2010இல் ‘புவியின் வெற்றியாளர்’ விருதளித்தது. அமெரிக்க நடிகர் ஆர்ச்சி காவோவை 2014இல் மணந்தார். 2020இல் இருவரும் பிரிவை அறிவித்தனர்.

மீண்டும் தொலைக்காட்சி

மோ யானின் நாவலை ஒட்டி ஜெங் ஷியாவ்லோங் இயக்கிய ‘செஞ்சோளம்’ (2014) தொடர், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப்பின் இவரைச் சின்னத்திரைக்கு அழைத்து வந்தது. அதே நாயகியை 1987இல் ஜாங் யிமோவின் படத்தில் ஏற்றவர் கொங் லி. அந்தப் படம் பெர்லின் தங்கக் கரடியை வென்றது. ஒப்பீட்டுக்கு அஞ்சி விலகியிருக்கலாம். ஜோவ் ஷுன் அறுபது பகுதிகளின் நீளத்தைப் பயன்படுத்தி, கொங் லியின் கம்பீரத்துக்கு மாற்றாக அடங்காத குறும்பும் சினமும் கொண்ட ஒருத்தியை மெல்ல மெல்ல உருவாக்கினார்.

சிங் பேரரசர் சியன்லோங்கின் ஒதுக்கப்பட்ட பேரரசியைப் பற்றிய ‘ரூயி சரிதம்’ (2018) 87 பகுதிகள் ஓடியது. நாற்பதைக் கடந்தவர் தொடக்கப் பகுதிகளில் பதின்வயதுப் பெண்ணாக வந்ததைப் பார்வையாளர் கேலி செய்தனர். அந்தப் பகுதிகள் பொருந்தவில்லை என்பது உண்மை. ஆனால் கதை முதிர, கணவன் மீதிருந்த நம்பிக்கை அணு அணுவாக வற்றிப்போவதை ஏறக்குறைய அசைவின்றியே காட்டும் பிற்பகுதிகள் இவருடைய சிறந்த பணிகளுள் சேரும்.

திரைப்படத்தில் இதே காலத்தில், ஜப்பானிய ஆட்சியில் அகப்பட்ட ஹாங்காங்கில் கொரில்லாப் படையோடு சேரும் பள்ளி ஆசிரியையாக ஆன் ஹுயின் ‘நம் காலம் வரும்’ (2017) படத்திலும், ஷுன்ஜி இவாயின் ‘கடைசிக் கடிதம்’ (2018) படத்திலும் நடித்தார். சாவ் பாவ்பிங்கோடு மீண்டும் சேர்ந்த ‘சினக் கடலைக் கடந்து’ 2023இல் வெளிவந்தது. கொலைப்பழி சுமக்கும் மகனைக் காப்பாற்ற எதையும் செய்யத் துணியும் தாய் அதில் இவர் வேடம்.

அதே 2023இல் வந்த ‘முழுமையற்ற பலியாள்’ தொடர், பணியிடப் பாலியல் வன்முறை வழக்கொன்றைப் பற்றியது. வலிமை மிக்க தொழிலதிபருக்காக வாதாடத் தொடங்கி, உண்மை தெரியத் தெரியப் பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நகரும் வழக்கறிஞர் லின் கான் இவர். வாதத்தை உரக்க முழங்காமல், கேள்விகளைத் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாக வைக்கிறார். 2024 ஜூனில் ஷாங்காய் தொலைக்காட்சி விழாவில் இத்தொடருக்காகச் சிறந்த நடிகைக்கான மக்னோலியா விருதைப் பெற்றார்.