மீட்டரிலிருந்து ரீசார்ஜுக்கு: திருவிடைமருதூர் வட்டாரத்தில் இணையவழிப் பேச்சு

திருவிடைமருதூர், ஆடுதுறை, ஆவணியாபுரம் பக்கத்தில் சவூதிக்கோ துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெருவைக் காண்பது அரிது. 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் வாழும் தமிழகத்தவரைச் சுமார் 22 லட்சம் என மதிப்பிட்டது. 'வைஃபை இருந்தால் பேச்சு இலவசம்' என்று இந்த வீடுகளில் இன்று இயல்பாகச் சொல்கிறார்கள். கட்டணம் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1984-இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் நிறுவப்பட்ட பிறகு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் சிற்றூர்களுக்கு வந்தன; பின்னாலேயே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகளும் வந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் பேசுபவரின் கண் மீட்டரின் சிவப்பு எண்களை விட்டு அகலாது. நலம் விசாரிப்பதற்குள் தொகை ஏறிவிடும். மனம்விட்டுப் பேச வேண்டியதையெல்லாம் ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் பல. பேச்சின் நீளத்தை அன்று பாசம் தீர்மானிக்கவில்லை, மீட்டர்தான் தீர்மானித்தது.

மாற்று வழி அப்போதே பிறந்துவிட்டது. இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995 பிப்ரவரியில் கணினிவழிப் பேச்சுக்கான மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. ஆனால் வெளிநாட்டு அழைப்பு முழுவதும் அதே வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமையாக இருந்தது. இணையப் பேச்சுக்குத் தடையும் இருந்தது. அந்தத் தனியுரிமை முடிந்த 2002 ஏப்ரல் 1 அன்றுதான் இணையப் பேச்சுக்கும் கதவு திறந்தது. அதுவும் பாதிக் கதவு. இங்குள்ள கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கோ வெளிநாட்டுத் தொலைபேசிக்கோ பேசலாம். இந்தியத் தொலைபேசி எண் எதையும் அழைக்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஏழாண்டுத் தாமதத்துக்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. ஐ.எஸ்.டி. வருமானத்தைக் காக்கும் அக்கறைதான் காரணம் என்று கருதுகிறேன். அதன் சுமையைத் தாங்கியவர்கள் பூத்தில் வரிசையில் நின்றவர்கள்.

பிறகு நடந்தவை வேகமானவை. 2003-இல் ஸ்கைப், 2015-இல் வாட்ஸ்அப் குரல் அழைப்பு, 2016 செப்டம்பரில் ஜியோ. இடையே 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. ஆனால் அழைப்புக்கு இரண்டு முனைகள் உண்டு. சவூதி, இணைய அழைப்புக்கு விதித்திருந்த தடையை 2017 செப்டம்பரில் நீக்கியது. துபாயிலோ வாட்ஸ்அப் பேச்சு முடக்கப்பட்டு, போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளே வழியாயின. இங்கே ஃபைபர் இணைப்பு இருந்தும் பயனில்லாதபடி அங்குள்ள சட்டம் குறுக்கே நின்றது.

வாட்ஸ்அப் அழைப்பையும் 'வைஃபை காலிங்'கையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முன்னது தொலைபேசி நிறுவனத்தைத் தாண்டிப் போகிறது. பின்னது வீட்டு வைஃபை வழியே அந்த நிறுவனத்தின் வாசலுக்கே திரும்பிச் சென்று, நமது எண்ணிலேயே அழைக்கிறது. 2018 ஜூனில் இணையவழி அழைப்புக்கு இடம் தந்து உரிம விதி திருத்தப்பட்டதும், ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு பி.எஸ்.என்.எல்.லின் செயலிவழி அழைப்புச் சேவையான 'விங்ஸ்' வந்தது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங்கைக் கொண்டுவந்தன. தடித்த செங்கல் சுவரும் நீண்ட ரேழியும் கொண்ட பழைய வீடுகளில், சிக்னல் தேடி வாசலுக்கு ஓடுவது இதனால் குறைகிறது. பில் குறைவதில்லை.

கட்டணம் இடம் மாறியது ரீசார்ஜில்தான். 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜாக 35 ரூபாயைக் கொண்டுவந்தன. வரும் அழைப்புக்கும் அதுவே நிபந்தனையானது. அதுவரை சிம்மை வைத்திருப்பதற்கென்று மாதச் செலவு இல்லை. இன்று வங்கி, ஆதார், கேஸ் சிலிண்டர் என எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த சிம்மின் எண்ணுக்குத்தான் வருகிறது. மகனோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசும் தாயும், யாரையும் அழைக்காத அந்த எண்ணுக்கு 28 நாளுக்கொரு முறை பணம் கட்டுகிறார்.