இறால் பண்ணைக்கு நட்டஈடு, உயிர்களுக்கு?

சர்வதேச வர்த்தக, முதலீட்டுச் சட்டம் கற்பிப்பது என் தொழில். இத்துறை மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் முக்கிய வழக்குகளில் ஒன்று மட்டக்களப்பு வாவிக்கரையில் உருவானது என்பதை எம்மவர் பலர் அறியார்.

1987 ஜனவரி இறுதியில், கொக்கட்டிச்சோலையை அண்டிய மகிழடித்தீவில் விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது இறால் பண்ணை ஒன்று அழிந்தது. அங்கு வேலை செய்த 20 பேருக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், கிராமத்தவரும் பலியாகினர்.

பண்ணையின் பங்குதாரரான ஹொங்கொங் நிறுவனம், 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய–இலங்கை முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி, உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுப் பிணக்குத் தீர்வு நிலையத்தில் இலங்கை அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. இத்தகைய உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு அங்கு தீர்ப்பு வரை சென்ற முதல் வழக்கு இதுவே.

1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது. படையினரே பண்ணையை அழித்தனர் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் உயிரிழப்பையும் அழிவையும் குறைக்க அரசு உரிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை என்றது நடுவர் மன்றம். 4,60,000 டொலரும் வட்டியும் வழங்குமாறு பணித்தது.

அது நிறுவனத்தின் முதலீட்டுக்கான பணம். கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பே அல்ல. தனிநபர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிடும் வழியை இலங்கை ஏற்றது 1997இல்தான். அந்த ஏற்பும் அரசியலமைப்புக்கு முரணானது என 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆயினும் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பு பகிரங்க ஆவணம். நீதி கேட்டு ஆதாரம் திரட்டுவோர் அதையும் கோப்பில் சேர்க்க வேண்டும்.