கோழியும் ஏற்பியும்: செல் ஏற்பி வகைகளின் வரலாறு – சேந்தமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செல் ஏற்பிகளைப் பாடநூல்கள் நான்கு வகைகளாகப் பட்டியலிடுகின்றன. அந்நான்கும் அறியப்பட்ட வரலாற்றில் கோழியும் வான்கோழியும் முதன்மையான ஆய்வுயிரிகளாக இருந்துள்ளதை இக்கட்டுரை காட்டுகிறது. முட்டைக்கோழி வளர்ப்பு நிகழும் சேந்தமங்கலம் வட்டாரத்தில் அவ்வரலாற்றின் ஒரு பகுதி நோயறி சோதனையாக இன்றும் தொடர்வதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செல் ஏற்பி, லாங்லி, ஜி-புரதம், சயாலிக் அமிலம், வெள்ளைக் கழிச்சல், நாமக்கல்

முன்னுரை

கொல்லிமலை அடிவாரத்தில் அமைந்த சேந்தமங்கலம், 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வல்வில் ஓரியின் மலைநாடு என்று இலக்கிய மாணவரும், முட்டைக்கோழிப் பண்ணைகளின் வட்டாரம் என்று வணிகரும் இப்பகுதியை அறிவர். செல் உயிரியலின் வரலாற்றில் இவ்வூருக்கு நேரடியான இடம் ஏதும் இல்லை. இங்குள்ள கொட்டகைகளில் வளரும் பறவைக்கு உண்டு.

ஏற்பிகளை அயனி வழித்தட ஏற்பி, ஜி-புரத இணைவு ஏற்பி, நொதி இணைவு ஏற்பி, செல்லினுள் அமைந்த ஏற்பி என வகுத்துரைக்கும் பாடநூல்கள், இவ்வகைகள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. மாணவர் நான்கு பெயர்களை மனனம் செய்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வினாவும், அவ்வினாவுக்கு விடையளித்த ஓர் உயிரியும் இருந்தமை மறைந்துவிடுகிறது.

லாங்லியின் கோழி

ஏற்பி என்னும் கருத்து இரு தோற்றுவாய்களைக் கொண்டது. நச்சுப்பொருள்கள் செல்லின் 'பக்கச் சங்கிலி'களில் பிணைகின்றன என்று செருமானிய அறிஞர் பால் ஏர்லிக் 1897இல் முன்மொழிந்தார். 1900இல் அவற்றை 'ரெசெப்டர்' என்றழைத்தார். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜான் நியூபோர்ட் லாங்லி வேறு வழியில் இதே இடத்தை அடைந்தார். 1905இல் வெளியான அவருடைய ஆய்வில் கோழியே சோதனை உயிரி.

நிகோட்டின் செலுத்தப்பட்ட கோழியின் சில தசைகள் நெடுநேரம் சுருங்கி விறைத்து நின்றன. குராரே என்னும் நஞ்சைச் செலுத்தியதும் தளர்ந்தன. நரம்பை வெட்டி, அது முற்றிலும் சிதையும்வரை காத்திருந்து நிகோட்டினைச் செலுத்தியபோதும் தசை சுருங்கியது. எனவே நிகோட்டின் செயற்படும் இடம் நரம்பு முனை அன்று. குராரே ஏற்ற தசை நேரடி மின்தூண்டலுக்குச் சுருங்கவே செய்தது; எனவே அவ்விடம் சுருங்கும் பொருளும் அன்று. இவ்விரண்டுக்கும் இடையே, இரு நஞ்சுகளும் போட்டியிடும் 'ஏற்கும் பொருள்' ஒன்று தசைச் செல்லில் இருத்தல் வேண்டும் என்று லாங்லி முடிவு செய்தார். அப்பொருளை அவர் கண்டதில்லை. தருக்கத்தால் மட்டுமே அதை நிறுவினார். பாலூட்டிகளின் பெரும்பாலான தசைகள் வெட்டியிழுத்து உடனே தளர்பவை. நீடித்த சுருக்கம் காட்டும் தசைநார்கள் பறவையில் இருந்தது அவருக்கு வாய்ப்பாயிற்று.

அப்பொருளே இன்று அயனி வழித்தட ஏற்பிகளுக்கு முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் அசெட்டில்கோலின் ஏற்பி. மூலக்கூறு பிணைந்த மில்லிநொடிகளில் வழி திறக்கிறது, சோடியம் அயனிகள் உட்புகுகின்றன, தசை சுருங்குகிறது. மின்சாரத் திருக்கை மீனின் உறுப்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தும் பணி 1970களில்தான் கைகூடிற்று.

வான்கோழிக் குருதியும் காலரா நஞ்சும்

பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. வான்கோழியின் சிவப்பணுச் சவ்விலோ அட்ரினலின் ஏற்பியும் அதற்கு மறுமொழி தரும் நொதியும் சேர்ந்தே இருந்தன. குருதி எடுத்தாலே ஒரே வகைச் செல்கள் பெருமளவில் கிடைத்தன. இந்த வசதியைக் கொண்டு ஜெருசலேமில் கேசல், செலிங்கர் ஆகிய இருவரும் 1976இல் ஒன்றைக் கண்டனர்: அட்ரினலின் போன்ற பொருள் ஏற்பியில் பிணையும்போது சவ்வில் ஜி.டி.பி. என்னும் மூலக்கூறு சிதைக்கப்படுகிறது. ஜி.டி.பி. பிணைந்திருக்கையில் இயக்கம், அது சிதைந்ததும் நிறுத்தம். ஏற்பிக்கும் நொதிக்கும் இடையில் தானே அணைந்துகொள்ளும் ஒரு விசை இருந்தது.

மறு ஆண்டில் அதே சவ்வில் காலரா நஞ்சைச் சேர்த்தபோது ஜி.டி.பி. சிதைவது தடைப்பட்டது. விசை அணையவே இல்லை. குடற்செல்களில் இதுவே நேர்கையில் உப்பும் நீரும் இடைவிடாது வெளியேறுகின்றன. அந்நஞ்சு உண்டு என்பதை 1959இல் மெய்ப்பித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. ஜி-புரதத்துக்கான நோபல் பரிசு 1994இல் கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் வழங்கப்பட்டது. 1985இல் மறைந்த டேவுக்கு அப்பரிசு கிட்டவில்லை. இந்தியப் பாடநூல்களேனும் காலராவைப் பேசும் இயலிலும் ஜி-புரதத்தைப் பேசும் இயலிலும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லலாம். வான்கோழி ஏற்பியின் முப்பரிமாண அமைப்பு 2008இல் வெளியாயிற்று; அப்பணி நடந்ததும் கேம்பிரிட்ஜிலேயே.

புற்றும் வெண்கருவும்

1911இல் பெய்டன் ரவுஸ், கோழியின் கட்டி ஒன்று செல்லில்லாத வடிநீராலேயே பரவுவதைக் காட்டினார். அதன்பின் கோழிப் புற்றுநோய் நச்சுயிரிகள் பல ஆராயப்பட்டன. அவற்றுள் குருதியணுப் புற்றை உண்டாக்கும் எரித்ரோபிளாஸ்டோசிஸ் நச்சுயிரி இரு மரபணுக்களைச் சுமந்திருந்தது. ஒன்று, தோல்வளர் காரணியை ஏற்கும் நொதி இணைவு ஏற்பியின் சிதைந்த வடிவம் என்பது 1984இல் தெரியவந்தது. வெளிச் செய்தியைப் பற்றும் பகுதியின் பெரும்பங்கை அது இழந்திருந்தமையால், செய்தி வராமலே 'பெருகு' என்னும் ஆணையைச் செல்லுக்கு அளித்துக்கொண்டிருந்தது. மற்றொன்று, தைராய்டு இயக்குநீரை உட்கருவில் ஏற்கும் ஏற்பியின் திரிபு என 1986இல் அறியப்பட்டது. இருவேறு ஏற்பி வகைகளை ஒரே கோழி நச்சுயிரி கவர்ந்து வைத்திருந்தது வியப்புக்குரியது.

செல்லினுள் அமைந்த ஏற்பிகளுக்கு இன்னும் நெருக்கமான சான்று கோழியின் கருமுட்டைக் குழல். ஈஸ்ட்ரோஜன் ஏற்ற குஞ்சுக்குப் புரோஜெஸ்டிரோன் அளித்தால் அக்குழலின் செல்கள் அவிடின் என்னும் வெண்கருப் புரதத்தை உருவாக்குகின்றன. இயக்குநீர் சவ்வைக் கடந்து, ஏற்பியுடன் இணைந்து, மரபணுவையே தூண்டுகிறது என்னும் கருத்துக்குப் பெர்ட் ஓமாலி குழுவினரின் இவ்வாய்வுகள் அடித்தளமிட்டன. லாங்லி கண்ட ஏற்பிக்கு மில்லிநொடி போதும். இவ்வகைக்கு மணிக்கணக்கு வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து லாரியேறும் ஒவ்வொரு முட்டையின் வெண்கருவும் இவ்வேற்பிகளின் செயலால் விளைந்ததே.

திரண்ட அணுக்கள்

'ஏற்பி' என்னும் சொல் இரு பொருளில் வழங்குவதை இங்குக் கருதவேண்டும். மேற்கண்டவை செல்லுக்குச் செய்தி சொல்பவை. நச்சுயிரி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறும் ஏற்பி எனப்படுகிறது. அது செய்தி எதையும் கடத்தவேண்டுவதில்லை. இவ்விரண்டாம் பொருளின் வரலாறும் முட்டையில் தொடங்குகிறது.

1941இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், கருமுட்டையில் வளர்த்த இன்ஃபுளுவென்சா நச்சுயிரி நீர்மத்தில் கோழிக்குஞ்சின் சிவப்பணுக்கள் கலந்தபோது அவை திரண்டு ஒட்டுவதைக் கண்டார். அடுத்த ஆண்டு, ஒட்டிய நச்சுயிரி உடல் வெப்பநிலையில் தானே கழன்றுவிடுவதையும், அதன்பின் அவ்வணுக்கள் மீண்டும் திரளாமையையும் கண்டறிந்தார். நச்சுயிரியின் நொதி ஒன்று ஏற்பியை அழித்துவிட்டது. மெல்போர்னில் பர்னெட் குழுவினர் 1946இல் காலரா நுண்ணுயிரியின் வடிநீரிலும் அத்தகைய நொதி இருப்பதைக் காட்டினர். அவ்வேற்பியின் சாரம் சயாலிக் அமிலம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

பண்ணையாளர் வெள்ளைக் கழிச்சல் என்றழைக்கும் இராணிக்கேத் நோயின் நச்சுயிரியும் இதே அமிலத்தைப் பற்றியே செல்லுள் நுழைகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926இல் கண்ட இந்நோய், குமாவோன் மலையூரான இராணிக்கேத்தின் பெயரை இந்தியாவில் பெற்றது. (தடுப்பு மருந்து தயாரிக்கும் நிறுவனம் 1932 முதல் நம் இராணிப்பேட்டையில் இயங்குவதால், நோயும் அவ்வூருடையது என்று கருதுவோர் உளர்.) கொல்லும் திரிபும் தடுப்பு மருந்தாகும் லசோட்டா திரிபும் பற்றுவது ஒரே ஏற்பியை. வேறுபாடு சவ்வோடு இணைக்கும் புரதத்தில் உள்ளது. கொடிய திரிபில் அப்புரதத்தை உடலின் எல்லாத் திசுக்களிலும் உள்ள நொதிகள் வெட்டிச் செயற்படுத்துகின்றன. லசோட்டாவில் மூச்சுப்பாதை, குடல் நொதிகள் மட்டுமே. ஏற்பி வாயிலைத் தருகிறது. அதற்கப்பால் நிகழ்வதைப் பிற தீர்மானிக்கின்றன. முதல் வாரக் குஞ்சின் கண்ணில் விடும் ஒரு சொட்டு அதைக் கொல்லாமல் காப்பது இதனாலேயே.

அச்சொட்டு பயன் தந்ததா என்பதை நாமக்கல் போன்ற கோழி வளர்ப்புப் பகுதிகளின் ஆய்வகங்கள் அறியும் முறை ஹர்ஸ்டின் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. கோழியின் ஊனீரைப் படிப்படியாக இருமடங்கு நீர்த்து, குழித்தட்டில் நச்சுயிரியோடு வைத்து, பின்னர்ச் சிவப்பணுக்களைச் சேர்ப்பர். எதிர்ப்பொருள் போதுமான குழிகளில் நச்சுயிரி ஏற்பியை எட்டாது. அணுக்கள் அடியில் பொட்டுப்போலப் படியும். எதிர்ப்பொருள் தீர்ந்த குழியில் அவை வலைபோல் பரவி நிற்கும். பொட்டு கடைசியாகத் தென்படும் குழியின் நீர்ப்பளவே அக்கோழியின் எதிர்ப்பு அளவு. அது குறைந்திருந்தால், அக்கொட்டகையின் பறவைகளுக்கு மறுமுறை தடுப்பு மருந்து தரப்படுகிறது.