தேசக் கொடியும் நெய்வோர் கடமையும்

முற்காலத்தே கொடி என்பது வேந்தர்க்கே உரிய பொருளாயிருந்தது. சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் கொடிகளாய் விளங்கின என்பதைச் சிறாரும் அறிவர். அக்கொடிகளுக்குத் துணி நெய்தவர் நம்போன்ற தொழிலாளரே யாயினும், அவற்றை உயர்த்தவோ இறக்கவோ நெய்தவனுக்கு யாதோர் உரிமையும் இருந்ததில்லை. பின்னர் ஆங்கிலேயர் கோட்டைகளிற் பறந்த யூனியன் ஜாக் கொடியும் அத்தன்மையதே. அண்ணாந்து நோக்கி அஞ்சுதல் ஒன்றே பிரஜைகளின் பங்கு.

நம் மூவர்ணக் கொடியோ வேறு வழியிற் பிறந்தது. அரசு முன்னே தோன்றிக் கொடியைப் பின்னே ஆக்கிக்கொள்ளவில்லை. கொடி முன்னே பிறந்தது, அதற்குரிய அரசு கால் நூற்றாண்டு கழித்தே வந்தது. 1921-ஆம் ஆண்டில் விஜயவாடாவில் காங்கிரஸ் கமிட்டி கூடியபொழுது, பிங்கலி வெங்கய்யா தாம் வகுத்த கொடியைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தார். கொடியில் இராட்டினம் இருத்தல் வேண்டும் என்று முன்னரே யோசனை கூறியவர் ஜாலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் ஆவார். அரசரின் கொடிகளில் விலங்கும் படைக்கலமும் இருந்த இடத்தில், ஏழைக் கிழவியும் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சுற்றக்கூடிய ஒரு தொழிற்கருவி வந்து அமர்ந்தது. உலகில் இதற்கு ஒப்பான கொடிகள் மிகச் சிலவே இருக்கக்கூடும் என்பது எமது துணிபு.

1923-இல் நாகபுரியில் இக்கொடியை ஏந்தி ஊர்வலஞ் செல்லலாகாது என்று சர்க்கார் தடுத்தபொழுது, ஜம்னாலால் பஜாஜ் முதலியோர் சிறைபுகுந்தனர். பின் வல்லபாய் படேல் அப்போரை நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். 1931-இல் காங்கிரஸ் மகாசபை கொடியின் நிறங்களைக் காவி, வெண்மை, பச்சை எனத் திருத்தி அமைத்து, இந்நிறங்கள் எந்தச் சமயத்தையும் சாதியையும் குறிப்பன அல்ல எனவும் தெளிவாக்கிற்று. இக்குறிப்பை நம்மவர் மறத்தலாகாது. ஏனெனில், அடுத்த ஆண்டில் திருப்பூரில் நிகழ்ந்ததை நாம் நமக்கே உரிய பெருமையாகப் பேசி வருகின்றோம்.

சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் தோன்றியவர் குமரன். காந்தியடிகள் 1932 ஜனவரித் தொடக்கத்திற் சிறைப்பட்டதும், தடையை மீறித் திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்ற சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். அவர் படைத்தலைவரல்லர்; பெரும் பதவி வகித்தவருமல்லர். ஜனவரி 10-ஆம் நாள் போலீசார் தடிகொண்டு தாக்க, மண்டை பிளந்து வீழ்ந்தார். வீழ்ந்த நிலையிலும் கையிற் பற்றிய கொடியை விட்டாரில்லை. மறுநாள் உயிர் நீத்தார். வயது இருபத்தேழு. 2004-இல் அவர் நூற்றாண்டின்போது இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

குமரன் நெய்வோர் குலத்தவர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். பிழையன்று. ஆயினும் ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. அவர் பற்றியிருந்த துணி நம் குலத்தின் கொடியாயிருந்திருப்பின், அதற்காக அடிக்கப்பட்டிருக்க மாட்டார். எந்தச் சர்க்காரும் சாதிக் கொடிக்கு அஞ்சியதில்லை. அன்று அக்கூட்டத்தில் உடன் சென்று அடிபட்டோர் யாவரும் நம் தெருவினர் அல்லர். அவரை நம்மவர் என்று மட்டும் சுருக்கிச் சொல்லுதல், அவர் கையிலிருந்த கொடியை நாம் பறிப்பதற்கு ஒப்பாகும்.

அதே திங்கள் 26-ஆம் நாள், ஆரியா என வழங்கும் பாஷ்யம் என்பார் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தின்மேல் இரவில் ஏறி, மூவர்ணத்தைக் கட்டிவிட்டார். அதே கோட்டையில் 1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஏற்றிய பட்டுக் கொடி இன்றும் அங்குள்ள காட்சிசாலையிற் போற்றி வைக்கப்பட்டுள்ளது. சென்னை செல்லும் நம் இளைஞர் கடற்கரையோடு திரும்பிவிடாது அதனையும் கண்டு வருதல் நலம்.

இனி 1947 ஜூலை 22-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை செய்த தீர்மானத்தை நோக்குவோம். மூன்று நிறங்களும் ஒத்த அளவின. அகலத்துக்கும் நீளத்துக்கும் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதம். நடுவே கருநீலச் சக்கரம், சாரநாத்தில் அசோகன் நாட்டிய சிங்கத் தூணில் உள்ளவாறு. இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. பலரும் அறியாத சொல் ஒன்று அத்தீர்மானத்தில் உண்டு: அச்சக்கரம் இராட்டினத்தைக் குறிப்பதற்காகவே வைக்கப்படுகின்றது என்பது. இராட்டினம் கொடியினின்று நீங்குவதறிந்து வருந்திய காந்தியடிகள், அது இல்லாத கொடியைத் தாம் வணங்கப் போவதில்லை என்றே எழுதினார். தீர்மானத்திலுள்ள அச்சொல்லை நோக்க, இராட்டினம் முற்றும் அகன்றுவிடவில்லை. அசோகனது சக்கரத்தினுள் மறைந்து நிற்கின்றது.

சுதந்திரத்தின் பின்னும் நெடுங்காலம் சாதாரணக் குடிமகன் தன் வீட்டில் எல்லா நாளும் கொடியேற்ற இயலாதிருந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகள் அத்தடையை நீக்கின. 2004-இல் சுப்ரீம் கோர்ட்டு, மரியாதையோடு கொடியேற்றுதல் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் உரிமையுள் அடங்கும் எனத் தீர்ப்புரைத்தது. அரசனுடைய கொடியைக் கண்டு அஞ்சியவனுடைய பேரன், தன் கூரைமீது தானே கொடியேற்றும் உரிமை பெற்றான்.

அவ்விதிகளின்படி கொடித்துணி கையால் நூற்று, கையால் நெய்த பருத்தியோ பட்டோ கம்பளியோ ஆதல் வேண்டும். கர்நாடகத்து ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அளவுகளுக்கு இம்மியும் பிசகாது கதர்க் கொடிகள் தைக்கப்படுகின்றன. அத்தொழிலிற் பெரும்பாலோர் பெண்டிர். 2021 டிசம்பர் 30-ஆம் நாள் விதி திருத்தப்பட்டது. எந்திரத்தில் நெய்ததும், பாலியெஸ்டர் துணியும் ஆகும் என்றாயிற்று. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி என்னும் இயக்கம் வந்தபொழுது சில ரூபாய்க்கு பாலியெஸ்டர் கொடிகள் எங்கும் குவிந்தன. பெங்கேரித் தொழிலாளர் எதிர்த்துக் குரல் எழுப்பினர்.

குறைந்த விலையினால் ஏழையும் கொடி வாங்கினான் என்று சொல்வாருளர். அஃது உண்மையே, அந்நியாயத்தை யாம் இகழோம். நம் தறிகளும் பெரும்பாலும் ஆலை நூலைக் கொண்டே ஓடுகின்றனவாதலின், கதரின் தூய்மையைப் பிறர்க்கு உபதேசிக்க நமக்கு அதிக இடமில்லை. எனினும், இராட்டினத்தைக் குறிக்கும் சக்கரம், இராட்டினமே அறியாத துணியின்மேல் அச்சிடப்படுதல் நெய்வோர் கண்ணுக்கு உறுத்தாதிருக்குமோ? நூற்பவளுடைய கூலி அதில் இல்லை. விழா முடிந்த மறுநாள் அக்கொடிகள் சாக்கடை ஓரத்திற் கிடந்ததையும் கண்டோம். பழுதுற்ற கொடியை மறைவிடத்தே முழுமையாக, எரித்தேனும் மாண்பு கெடாத பிறவாற்றானேனும், நீக்குதல் வேண்டும் என்பது விதி. மலிந்த பொருளை அவ்வாறு போற்றுவார் அரியர்.

ஆகவே நம் சங்கத்தார் முன் இரண்டு யோசனைகளை வைக்கின்றோம். கிளைச் சங்கந்தோறும் ஒரே ஒரு கதர்க் கொடி வாங்கி, ஆண்டுக்கணக்காய்ப் பேணுதல் ஒன்று. மற்றொன்று சற்றே கடினமானது: வருகின்ற ஜனவரி 26-ஆம் நாள் நம் மண்டபங்களிற் கொடியேற்றும்போது, நம் உறவினர் மட்டும் கூடி நின்று கலையும் வழக்கத்தை விடுத்து, ஊரிலுள்ள எல்லாத் தெருவாரையும், முன்னாளில் நம் மண்டபப் படியேற விடப்படாதோரையும், வீடு சென்று அழைத்தல். கொடிக்கயிற்றை இழுப்பதும் தலைவர்க்கே உரியதென்றிராது, வந்தோருள் மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்தல். அழைப்பு அச்சிடும் செலவைத் தலைமைச் சங்கம் ஏற்க இசையுமாயின், டிசம்பர் முடிவதற்குள் காரியதரிசிகள் தெருவாரியாக ஜாபிதா எழுதி அனுப்புவார்களாக.