எங்கே சுடலாம்? துப்பாக்கி ஒரு துறை, பன்றி இன்னொரு துறை

செம்பனைத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி புதிதல்ல. இளங்கன்றின் குருத்தைக் குடைந்து தின்னும். உதிர்ந்த பழத்துக்கு இரவில் கூட்டமாக வரும். அலோர் காஜா, ஜாசின் பக்கம் "பன்றிதானே, அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்பவர்கள் உண்டு. சட்டம் கேட்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களின் வனவிலங்குத் துறையே தன் நிலத்தில் பொதுமக்களுக்கான திறந்தவெளிச் சுடுதளம் வைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் வேட்டை உரிமமோ தள அனுமதிச் சீட்டோ இருந்தால் அங்கே சுட்டுப் பழகலாம். குண்டு தாண்டிப் போகாதிருக்க இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கும். 1937இல் வந்த சட்டப்படி, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடும் நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடும் வசூலாகும் வரி வனவிலங்குப் பணிக்கும் இத்தகைய தளங்களுக்கும் போகிறது.

இங்கே துப்பாக்கி போலீசின் பொறுப்பு, விலங்கு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் பொறுப்பு. குழப்பம் தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

1960 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் தருபவர் மாநிலப் போலீஸ் தலைவர். உரிமம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, அதை வைத்திருக்கும் ஆளுக்கும்தான். உரிமம் உள்ளவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் "இன்றைக்கு நீ கொண்டு போ" என்று கொடுத்துவிட முடியாது; பயன்படுத்துபவருக்கும் அனுமதி வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் குற்றம் சாட்டினால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும். நாட்டுத் துப்பாக்கி என்றாலும் துப்பாக்கிதான்.

துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட அது போதாது. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. புலி, தாப்பிர் போல முழுப் பாதுகாப்பு அதற்கு இல்லை. ஆனாலும் வேட்டையாட பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாக எடுக்க வேண்டும். ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாட அச்சட்டமே வழி விடுகிறது. தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

துப்பாக்கி இல்லாதவர்கள் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். பாட்டன் காலத்தில் வழக்கமாக இருந்திருக்கலாம். இன்று அது வேட்டை உரிமத்தாலும் காப்பாற்ற முடியாத குற்றம். கண்ணிக்குப் பன்றியும் புலியும் ஒன்றுதான். 2022 திருத்தத்தில் வனவிலங்குக் குற்றங்களுக்கான தண்டனை கூட்டப்பட்டு, உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட் ஆனது.

இறைச்சி விஷயத்திலும் கவனம் தேவை. 2021 டிசம்பரில் மஸ்ஜித் தானா அருகே பாயா மெங்குவாங் பன்றிப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் இரத்தம், இறைச்சிக் கழிவு, காலணி வழியே அடுத்த பண்ணைக்குப் போய்விடும். செத்துக் கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம்.

பன்றித் தொல்லை பற்றிப் புகார் செய்ய பெர்ஹிலித்தானின் இலவசத் தொலைபேசி எண் 1-800-88-5151.