ஷெஃபீல்டு மடக்குக் கத்திகள்: காலக் கணிப்பும் மீட்பு முறையும்

அலகு பிடிக்குள் மடங்கும் கத்தி மிகப் பழைய கருவி. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் எலும்புப் பிடியுடன் கிடைத்த கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ரோமானியரும் இத்தகைய கத்திகளைச் செய்தனர். ஆனால் இவற்றில் அலகைப் பிடித்து நிறுத்தும் வில் கிடையாது. மூட்டின் இறுக்கம் மட்டுமே அலகைத் தாங்கியது. பிடியின் முதுகில் பட்டை வில் ஒன்றைப் பொருத்தி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகு அசையாமல் அழுத்தும் அமைப்பு 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வேரூன்றியது. சேகரிப்பாளர்களின் கைக்கு இன்று வரும் பழைய கத்திகளில் பெரும்பகுதி அந்த மரபில் வந்தவை.

ஷெஃபீல்டைச் சுற்றி ஓடும் போர்ட்டர், ரிவலின், லாக்ஸ்லி ஆறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. அருகிலிருந்த மணற்பாறைகள் சாணைக்கல் தந்தன. அலகை அடிப்பவர், சாணை பிடிப்பவர், உறுப்புகளைப் பொருத்தி முடிப்பவர் என மூவர் கை மாறியே ஒரு கத்தி உருவானது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக் கைவினைஞர் எஃகை மூசையிலிட்டு முழுதாக உருக்கி வார்க்கும் முறையை அங்கே நிலைநிறுத்தினார். அதன் பின் அலகின் தரம் ஒரே சீரானது. இந்தத் தொழிலுக்கு மனிதர் கொடுத்த விலை பெரிது. மணற்கல் தூசியைச் சுவாசித்த சாணைத் தொழிலாளர் பலர் நுரையீரல் நோயால் இளவயதிலேயே இறந்தனர். பழைய அலகு ஒன்றின் மெல்லிய சாணைப் பரப்பைப் பார்ப்பவர் அந்த உழைப்பையும் சேர்த்தே மதிக்க வேண்டும்.

கத்தியின் வயதைச் சொல்லும் சான்றுகளில் முதன்மையானது, அலகின் அடியில், பிடியின் முனையிலுள்ள உலோகப் பூணை ஒட்டி அடிக்கப்பட்ட முத்திரை. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஹாலம்ஷயர் கத்திக் கொல்லர் சங்கம், ஒவ்வொரு பட்டறைத் தலைவருக்கும் தனி முத்திரையைப் பதிவு செய்து கொடுத்தது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் 1764இல் இவ்வாறு கிடைத்தவை. ஜார்ஜ் வாஸ்டன்ஹோம் நிறுவனத்தின் ‘ஐ எக்ஸ் எல்’ முத்திரையும் இதே பதிவு மரபில் வந்ததுதான்.

முத்திரையைப் படிப்பதில் வணிகச் சட்டங்களே சிறந்த துணை. ஷெஃபீல்டின் பெயரைப் பிறர் பொய்யாகப் பொறித்து விற்பது பெருகியதால், பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்கள் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்க வேண்டும் என்றது. 1891 மார்ச்சு முதல் அது நடைமுறைக்கு வந்தது. எனவே ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்கு முந்தையது. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் பிந்தையது. ஆனால் அமெரிக்கச் சந்தைக்குப் போகாத கத்திகளில் நாட்டின் பெயர் இல்லாமலே இருக்கக்கூடும்.

அரச முத்திரைகளில் ஏமாறுவது எளிது. ராட்ஜர்ஸ் அலகுகளில் கிரீடத்தின் இருபுறமும் ஆட்சியாளரின் முதலெழுத்துகள் இருக்கும். ‘வி ஆர்’ என்றால் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்ட விக்டோரியா காலம், அதில் குழப்பமில்லை. ‘ஜி ஆர்’ என்பதோ 1830இல் இறந்த நான்காம் ஜார்ஜையும் குறிக்கலாம், 1910இல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜையும் குறிக்கலாம். இரண்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள்! இந்த இடத்தில் முத்திரையை விட்டுவிட்டு உடலைப் பார்க்க வேண்டும். பழைய கத்திகளில் பூண் இரும்பாக இருக்கும். ஜெர்மன் சில்வர் பூண் இருந்தால் அது பெரும்பாலும் 1830களுக்குப் பிந்தையது. ‘ஸ்டெய்ன்லெஸ்’ என்ற சொல் காணப்பட்டால், ஹாரி பிரியர்லி துருப்பிடிக்கா எஃகை உருவாக்கிய 1913க்கு முன் அந்த அலகு பிறந்திருக்க முடியாது. புகழ்பெற்ற பழைய முத்திரைகளுடன் புதிய கத்திகளும் வெளிவருவதால், பெயரை மட்டும் கண்டு விலை பேசுவது ஆபத்து.

பிடியின் பொருளும் சான்று தரும். மாட்டெலும்பு, எருமைக் கொம்பு, யானைத் தந்தம், முத்துச்சிப்பி ஆகியவை வழக்கத்தில் இருந்தன. மான்கொம்புப் பிடிக்கு ஷெஃபீல்டு பெரிதும் நம்பியது இந்தியாவின் கடமானை. ஆண்டுதோறும் உதிரும் அதன் கொம்பு, உட்பகுதி கெட்டியாக இருப்பதால் பிடிக்கு மிகவும் ஏற்றது. பின்னாளில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்லுலாய்டு நுழைந்தது. முதுமையில் சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியை வெளியிட்டு, தன் அலகை மட்டுமல்லாமல் பக்கத்திலுள்ள கத்திகளையும் அரிக்கும். அத்தகைய கத்திகளைத் தனியே, காற்றோட்டமான இடத்தில் வைப்பது கட்டாயம்.

மீட்பு வேலை இந்த ஆய்வுக்குப் பிறகே தொடங்க வேண்டும். மின்சாணையில் பளபளப்பேற்றப்பட்ட பழைய கத்தி தன் சான்றுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது: முத்திரையின் ஓரங்கள் மழுங்கும், நகம் நுழையும் பள்ளம் ஆழம் குறையும், கையால் சாணை பிடித்த கோடுகள் மறையும். எஃகின் மேல் காலம் படியவைத்த சாம்பல் நிறப் படலம் தீங்கற்றது. அதை அகற்றத் தேவையில்லை. அகற்ற வேண்டியது செந்துருவை மட்டுமே. அதற்கு மெல்லிய எண்ணெயும் மிக நுண்ணிய எஃகு நாரும் போதும், உப்புத்தாள் கூடாது. முத்திரை உள்ள இடத்தில் எஃகு நாரையும் தவிர்த்து, மரக்குச்சியால் எண்ணெய் தொட்டு அழுக்கை எடுப்பது நல்லது.

திறக்க மறுக்கும் அலகைக் குறடால் இழுத்தால் அலகு உடையலாம், வில்லும் முறியலாம். மூட்டில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, சிறிது சிறிதாக அசைத்தே திறக்க வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும் என்பதால் தையல் இயந்திர எண்ணெய் போன்ற கனிம எண்ணெயே ஏற்றது. எலும்பு, தந்தம், கொம்புப் பிடிகளை நீரில் ஊறவைத்தால் வெடிப்பும் வளைவும் வரும். ஆடும் அலகை இறுக்க, மூட்டின் தறையாணித் தலையைச் சிறு பட்டடைமேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுவர். ஒரு தட்டு கூடினால் எலும்புப் பிடி பிளந்துவிடும். பழகாதவர் இதில் இறங்காதிருப்பதே மேல்.

உடைந்த அலகுக்கு வேறொரு கத்தியின் அலகைப் பொருத்துவது பழைய வழக்கம். பயன்பாட்டுக்கு அதில் தவறில்லை. ஆனால் அந்த மாற்றத்தை எழுதி வைக்காமல் கத்தியைப் பழைய முழுமையோடு இருப்பதாக விற்பது மோசடி. எனவே பழைய கத்தி வைத்திருப்போர் துடைக்கும் முன்பே முத்திரை, பூண், பிடி மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து, செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவற்றோடு குறித்து வைக்க வேண்டும்.