கிளெர்வோ கோட்டையில் 503 புகைப்படங்கள்

லக்சம்பேர்க்கின் வடக்கே, ஆர்டென் காடுகளுக்கு நடுவே கிளெர்வோ என்றொரு சிறு ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய கோட்டை 1944 டிசெம்பரில் நடந்த சண்டையில் எரிந்துபோய், போருக்குப் பின் திரும்பக் கட்டப்பட்டது. 'மனிதக் குடும்பம்' என்ற புகைப்படக் கண்காட்சி 1994 முதல் நிரந்தரமாக அங்கேதான் இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோ இதனை 'உலகின் நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தது.

இதனைத் தொகுத்தவர் எட்வேர்ட் ஸ்டைக்கன். 1879இல் லக்சம்பேர்க்கில் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர். முதலாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையிலும் இரண்டாவதில் கடற்படையிலும் புகைப்படப் பணி செய்தார். போர்ப் படங்களைப் பார்த்து மனம் நொந்த சனங்கள் அடுத்த போரைத் தடுக்க எழுந்து நிற்கவில்லையே என்பது அவருடைய மனக்குறை. ஆகவே மனிதருக்குப் பொதுவானவற்றைக் காட்டுவோம் என்று தீர்மானித்தார்.

1955 ஜனவரியில் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. 68 நாடுகளிலிருந்து, 273 பேர் எடுத்த 503 படங்கள். காதல், கலியாணம், பிள்ளைப்பேறு, வேலை, பசி, சாவு என்று வரிசை. சில படங்கள் சிறியவை, சில சுவரளவு. சட்டம் போடாமல், சில கூரையிலிருந்தே தொங்கின. அளவையும் இடத்தையும் தீர்மானித்தவர் ஸ்டைக்கன். படம் எடுத்தவருக்கு அதில் பெரிதாகச் சொல் இருக்கவில்லை. பின்னர் அதன் பிரதிகள் நாடு நாடாகச் சுற்றின. 90 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள்.

படங்களின் அடியில் எடுத்தவர் பெயரும் நாடும் இருக்கும். படத்தில் நிற்பவர் யார், எந்த ஆண்டு, என்ன நடந்தது என்பது இராது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் இதைத்தான் கண்டித்தார்: பிறப்பும் இறப்பும் எல்லோருக்கும் பொது, எப்படிப் பிறந்தோம் எப்படிச் செத்தோம் என்பது பொது அல்லவே.

நாங்கள் பார்த்தின் பக்கம்தான். திகதி இல்லாத பற்றுச்சீட்டைக் கணக்கில் ஏற்றிப் பழக்கமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்கள் அல்பங்களில் வீட்டு முற்றத்தில் வரிசையாக நிற்கும் குடும்பப் படம் ஒன்று இல்லாமல் இராது. அதை 'குடும்பம், இலங்கை' என்று எழுதி மாட்டினால் அழகாகத்தான் இருக்கும். அந்த வீடு இன்று இல்லை, அதில் நிற்கும் ஒருவர் எங்கே என்று இன்னும் தெரியாது என்பது சுவருக்கு வெளியே போய்விடும்.

கண்காட்சியின் கடைசிப் படத்தையே பாருங்கள். இரண்டு சிறு பிள்ளைகள் மர நிழலிலிருந்து வெளிச்சத்துக்குள் நடந்து போகிறார்கள். எடுத்தவர் யூஜின் ஸ்மித். 1945இல் ஒக்கினாவாப் போர்முனையில் ஷெல் பட்டு, பல சத்திரசிகிச்சைகளுக்குப் பின், கமெராவைப் பிடிக்கவே வலித்த நிலையில் 1946இல் எடுத்த படம். பிள்ளைகள் அவருடையவர்கள். இது தெரிந்தவர் அந்தப் படத்தின் முன் கூடுதல் நேரம் நிற்பார்.

லக்சம்பேர்க் நகரிலிருந்து கிளெர்வோவுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த நாட்டில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து இலவசம். குளிர்காலத்தில் கண்காட்சி மூடியிருக்கும். நாள் பார்த்துப் புறப்படுங்கள். அம்மா அப்பாவையும் கூட்டிப்போங்கள். திரும்பி வந்ததும் அல்பத்தை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், ஆண்டு சொல்லச் சொல்லிப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனை மை மறுபக்கம் ஊறும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது; அவற்றுக்குத் தனிக் கடதாசியில் எழுதிப் படத்தோடு உறையில் வையுங்கள்.